கார்லினோ: பொன்னா, வெள்ளியா?

கேள்வி: 1755-ஆம் ஆண்டின் ‘கார்லினோ’ பொன் நாணயத்தின் படம் ஒன்றைப் பார்த்தேன். சார்தீனிய அரசருடையது, மிக அரியது என்று குறிப்பு இருந்தது. கார்லினோ நேப்பிள்ஸ் நாட்டின் வெள்ளிக்காசு என்றல்லவா படித்திருக்கிறேன்?
– வாசகர், மதுரை

பதில்: இரண்டும் சரியே, பெயர் ஒன்று, நாணயங்கள் வேறு. பதினெட்டாம் நூற்றாண்டு நேப்பிள்ஸில் கார்லினோ என்பது 10 கிரானா (அந்நாட்டின் சிறு பண அலகு) மதிப்புள்ள சிறு வெள்ளிக்காசு. அப்பெயர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் அங்கு ஆண்ட, ஆன்ஷூ (Anjou) என்ற பிரெஞ்சு மரபின் முதலாம் சார்லஸை ஒட்டி வந்தது. நீங்கள் கண்டதோ, சார்தீனிய அரசர் மூன்றாம் கார்லோ இம்மானுவேலே (ஆட்சி 1730–1773) தம் நாணயச் சீர்திருத்தத்தின்போது, தம் பெயராலேயே வெளியிட்ட பெரும்பொன்.

அரசு சார்தீனியத் தீவின் பெயரைத் தாங்கினாலும் அதன் தலைநகர் இத்தாலியப் பெருநிலத்தின் துரின்தான். 1713-இல் சிசிலியைப் பெற்று அரசப் பட்டம் அடைந்த இவரது சவோய் குடும்பம், 1720-இல் அதைக் கொடுத்துச் சார்தீனியாவை ஏற்றது. நாணயத்தின் இலத்தீன் எழுத்துகள் இவரைச் சைப்ரஸுக்கும் ஜெருசலேமுக்கும்கூட அரசர் என்கின்றன. அவ்விரண்டும் சவோய் குடும்பம் விடாமல் பேணிய வெறும் உரிமைக்கோரல்களே.

அச்சீர்திருத்தத்தில் வந்த ‘டோப்பியா’ என்ற புதிய பொன் நாணயம் 24 லிரா மதிப்பும் 9.6 கிராம் எடையும் கொண்டது. கார்லினோ அதைப்போல் ஐந்து மடங்கு: 120 லிரா, சுமார் 48.1 கிராம், ஏறத்தாழ 22 காரட். நம் கணக்கில் ஆறு பவுனுக்குச் சற்று மேல், அதுவும் ஒரே நாணயத்தில்! இத்தகைய நாணயத்தைக் கொண்டு சந்தையில் ரொட்டி வாங்க இயலாது; பெருந்தொகைகளைச் செலுத்தவும் பெட்டியில் சேமிக்கவுமே அது ஏற்றது.

அதன் அருமைக்கான காரணமும் அந்த எடையோடு பிணைந்ததே. இவருடைய மகனும் அடுத்த அரசருமான மூன்றாம் விட்டோரியோ அமதேயோ 1786-இல் டோப்பியாவை ஏறத்தாழ 9.1 கிராமாகக் குறைத்ததால், பழைய கார்லினோ ஒவ்வொன்றிலும் அதே பெயருடைய புதியதைவிட இரண்டரை கிராம் பொன் மிகுதியாக இருந்தது. அதை உருக்குபவருக்கு ஆதாயமே. சிறு காசு தப்பிவிடலாம். ஆறு பவுன் காசு யார் கண்ணுக்கும் தப்பாது. படத்தை மட்டும் நம்பாமல், வாய்ப்புக் கிடைத்தால் எடையை அறிந்துகொள்ளுங்கள்: 48 கிராமை ஒட்டியிருந்தால் அது தந்தை காலத்து எடை, 45.6 எனில் மகன் காலத்து எடை.