அப்பா இல்லாமல் அம்மா மட்டும் வளர்த்தால் பிள்ளை எப்படி வளரும்?

உங்கள் அக்கா கணவரைப் பிரிந்து ஆறு வயது மகனோடு பிறந்த வீட்டுக்கு வந்திருக்கிறார். "ஆம்பளைத் துணை இல்லாம வளர்ற பையன் கெட்டுப்போவான்" என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். தாய்மாமனாக உங்களுக்குக் கவலை, அதனால் கேட்டிருக்கிறீர்கள். என்னையும் என் தம்பியையும் அம்மா ஒருவர்தான் வளர்த்தார், திருப்பூரில், பனியன் கம்பெனிச் சம்பளத்தில். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

அம்மாவிடமிருந்து எனக்கு வந்தது என்ன என்று யோசித்தால் தைரியம், தியாகம் என்று பெரிய வார்த்தைகள் எதுவும் முதலில் வருவதில்லை. அவர் எங்களிடம் பணக் கணக்கை மறைத்ததே இல்லை, அதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. திருப்பூரில் சனிக்கிழமைதான் சம்பளம். அம்மா கைமடிக்கும் வேலைக்குச் சேர்ந்து, பிசிறு வெட்டி, செக்கிங் பார்த்து, கடைசியில் ஓவர்லாக் டெய்லர் ஆனவர். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் சம்பளக் கவரைப் பாயில் கொட்டி எங்கள் கண் முன்னாலேயே பிரிப்பார். வாடகைக்கு இவ்வளவு, மளிகைக் கடைப் பாக்கிக்கு இவ்வளவு, சீட்டுக்கு இவ்வளவு, ஊரில் அம்மிச்சிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, மருந்து வாங்க இவ்வளவு. மிச்சம் என்ன என்று தம்பிதான் சொல்ல வேண்டும். அவன் கழித்தல் கணக்கு கற்றுக்கொண்டது அந்தப் பாயில்தான் என்று அவனே இப்போதும் சொல்வான்.

2011 ஜனவரியில் நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஆற்றுக்கு அது தேவைதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சாயம் போட்ட துணி வராவிட்டால் கட்டிங் இல்லை, கட்டிங் இல்லாவிட்டால் டெய்லருக்கு வேலை இல்லை. அம்மாவின் ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆனது, அப்புறம் வாரத்தில் பாதி நாள் கம்பெனி லீவு. அந்தச் சனிக்கிழமைகளில் பாயில் விழுந்த நோட்டுகள் ரொம்பக் குறைவு. "எதைக் குறைக்கலாம் கண்ணு, நீங்களே சொல்லுங்க" என்றார். தம்பி பால் வேண்டாம் என்றான். நான் சீட்டை நிறுத்தலாம் என்றேன், தொகையில் பெரியது அதுதான். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "பாலை நிறுத்தினா நமக்குள்ளயே போயிரும். சீட்டை நிறுத்தினா, நாளைக்கு ராத்திரி உனக்குக் காய்ச்சல்னு நான் யார் வீட்டுக் கதவைத் தட்டறது?"

எங்கள் லைன் வீட்டு அக்காமார்கள் சேர்ந்து போட்ட சீட்டு அது. தனியாக நிற்கும் பெண்ணுக்கு அக்கம்பக்கத்து நம்பிக்கைதான் கையிருப்பு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. பால் நின்றது, சீட்டு நிற்கவில்லை. இப்போது என் வீட்டில் எந்தச் செலவைக் குறைக்க வேண்டி வந்தாலும், யாருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம் என்றுதான் முதலில் பார்க்கிறேன். அம்மாவின் தாக்கம் என்றால் என் விஷயத்தில் அது இதுதான்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. உங்கள் அக்கா அதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கணக்குத் தெரிந்த பிள்ளை எதையும் கேட்காத பிள்ளையாக மாறிவிடும். பள்ளிக்கூடத்தில் மகாபலிபுரம் டூர் போட்டபோது அதற்குக் கொடுத்த அறிவிப்புத் தாளையே நான் வீட்டில் காட்டவில்லை. எல்லாரும் "பொறுப்பான பொண்ணு" என்று மெச்சினார்கள். வகுப்புத் தோழியின் அம்மா மூலமாக விஷயம் தெரிந்தபோது என் அம்மா மட்டும் மெச்சவில்லை, அழுதார். அப்புறம் சொன்னார்: "இல்லைனு சொல்றது என் வேலை சாமி. கேக்கறது உன் வேலை. என் வேலையை நீ எடுத்துக்காதே." அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு பொருளாவது கேட்டே ஆக வேண்டும் என்று எங்களுக்குச் சட்டம் போட்டார். பெரும்பாலும் கிடைக்காது. இருந்தாலும் கேட்கப் பழகினோம். இன்றைக்கு அலுவலகத்தில் சம்பள உயர்வு கேட்க வாய் வருகிறது என்றால் அந்தப் பழக்கத்தில்தான்.

பையனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். என் தம்பிக்கு ஏழெட்டு வயது இருக்கும்போதே ஒரு கல்யாண வீட்டில் பெரியவர் ஒருவர் அவன் தோளைத் தட்டி, "இனி நீதான்டா வீட்டு ஆம்பளை, அம்மாவையும் அக்காவையும் நீதான் பாத்துக்கணும்" என்றார். அன்று முழுக்க அவன் சாப்பிடவில்லை. வீட்டுக்கு வந்து, "நான் எப்பம்மா வேலைக்குப் போகணும்?" என்று கேட்டான். அடுத்த முறை வேறொருவர் அதே பேச்சை எடுத்தபோது அம்மா சபையிலேயே நிறுத்தினார்: "வீட்டை நான் பாத்துக்கறனுங்க. அவன் விளையாடட்டும்." உங்கள் மருமகனிடமும் யாராவது இப்படிச் சொல்வார்கள், நல்ல மனசோடுதான் சொல்வார்கள். நீங்கள் பக்கத்தில் இருந்தால் அந்த இடத்திலேயே மறுத்துச் சொல்லுங்கள். ஆறு வயதுக்கு அது தாங்காது.

அப்பாவைப் பற்றி அம்மா எங்களிடம் புகழ்ந்ததும் இல்லை, திட்டியதும் இல்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் வரும். "அவருக்கும் எனக்கும் ஒத்து வரலை. அதுக்கு நீங்க காரணமில்லை." இரண்டாவது வாக்கியத்தை ஒவ்வொரு தடவையும் சேர்த்தே சொன்னார். ஏன் என்று சின்ன வயதில் புரியவில்லை. நாம் சேட்டை செய்ததால்தான் அப்பா போய்விட்டார் என்று தம்பி ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தான் என்பது வளர்ந்த பிறகுதான் எனக்கே தெரியும்.

சொந்தக்காரர்கள் சொல்லும் "கெட்டுப்போவான்" விஷயத்துக்கு வருகிறேன். காமராஜர் ஆறு வயதில் அப்பாவை இழந்தவர், வளர்த்தது விருதுநகரில் அம்மா சிவகாமி அம்மாள். எம்.ஜி.ஆரும் சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தவர், கும்பகோணத்தில் வளர்த்தது அம்மா சத்யபாமா. இவர்களைச் சொல்லிச் சொந்தக்காரர் வாயை அடைத்துவிடலாம். ஆனால் நான் பார்ப்பது வேறு. இருவருக்குமே பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. காமராஜர் தாய்மாமன் கடைக்குப் போனார், எம்.ஜி.ஆர் பசிக்கு நாடகக் கம்பெனிக்குப் போனார். படிப்பை நிறுத்தியது வறுமைதான். பின்னாளில் முதலமைச்சராக இருந்தபோது ஒருவர் மதிய உணவுத் திட்டம் கொண்டுவந்தார், மற்றவர் 1982இல் அதைச் சத்துணவாகப் பெரிதாக்கினார். அந்தச் சத்துணவைச் சாப்பிட்டுத்தான் நானும் தம்பியும் படித்தோம். ஆகவே பையனுக்கு அப்பா இல்லையே என்று கவலைப்படுவதை விட, அக்காவுக்கு மாத வருமானம் என்ன, அவர் வேலைக்குப் போகும் நேரத்தில் பையனைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்று கவலைப்படுங்கள். எங்கள் வீட்டில் எது ஆடியபோதும் இந்த இரண்டில் ஒன்றுதான் ஆடியது.

காகித வேலைகளை இப்போதே தொடங்கிவிடுங்கள். அம்மாவுக்கு இதெல்லாம் எடுத்துச் சொல்ல ஆள் இல்லாமல் பல வருஷம் அலைந்தார். 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் பாதுகாவலர் சட்டம் அப்பாவை முதலிலும் அம்மாவை அடுத்தும் வைத்திருந்தாலும், அப்பா பிள்ளையைக் கவனிக்காத நிலையில் அவர் உயிரோடு இருக்கும்போதே அம்மா பாதுகாவலராகச் செயல்படலாம் என்று 1999இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பாஸ்போர்ட்டுக்கு அப்பா, அம்மா இருவரில் ஒருவர் பெயர் போதும் என்று 2016 டிசம்பரில் விதியை மாற்றிவிட்டார்கள். ஆனாலும் கவுன்ட்டரில் இருப்பவர் "அப்பா வரலையா?" என்றுதான் கேட்பார். அக்கா தனியாகப் போனால் கூசிப்போய்த் திரும்பி வர வாய்ப்பு அதிகம், முதல் சில தடவை நீங்கள் கூடப் போங்கள். வருமானம் இல்லாமல் இருந்தால், கணவரால் கைவிடப்பட்ட பெண்களுக்கான மாத உதவித்தொகை தமிழ்நாட்டில் உண்டு. தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தாரைப் பார்த்து, வயது, பிரிந்திருக்கும் காலம் பற்றிய நிபந்தனைகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாமனாக நீங்கள் அப்பா வேஷம் போட வேண்டியதில்லை. என் மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து தம்பிக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தார், பள்ளிக்கூட மீட்டிங்குக்கு அம்மாவால் லீவு போட முடியாத நாளில் போய் உட்கார்ந்தார், கல்லூரியில் சேரும்போது பேங்க் லோனுக்கு அம்மாவோடு அலைந்தார். வளர்ப்பில் மட்டும் தலையிட மாட்டார். எது என்றாலும் "உங்கம்மாகிட்டக் கேளு" என்பார். உங்கள் மருமகன் முன்னாலும் அக்காவின் பேச்சுக்கு மேலே யார் பேச்சும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உங்கள் பேச்சு உட்பட.