அஞ்சாவது இன்னிங்ஸ்ல கெளம்பாதீங்க தம்பி

அண்ணே வணக்கம். நான் நெல்லிக்குப்பம், ப்ராஜெக்ட்டுக்காக பாஸ்டன் வந்திருக்கேன். அடுத்த மாசம் இங்க ஃபென்வே பார்க் ஸ்டேடியத்துல பேஸ்பால் மேட்ச், பாஸ்டனோட ரெட் சாக்ஸும் நியூயார்க்கோட யாங்கீஸும் ஆடறத பாக்க போறேன். பெரிய லீக்ல இருக்கற 30 டீம் ஸ்டேடியத்தையும் பாத்து முடிக்கணும்னு ஆசை. பேஸ்பால் அவ்வளவா புரியாது, கொஞ்சம் போர்தான், அதனால அஞ்சு இன்னிங்ஸ் பாத்து ஃபோட்டோ எடுத்துட்டு கெளம்பிடலாம்னு இருக்கேன். எந்த பக்கம் சீட் வாங்கலாம்? யாங்கீஸ் தொப்பி போட்டுட்டு போனா பிரச்சனை வருமா? சாப்பாடு எப்படிண்ணே?

அன்புள்ள தம்பி,

உங்க கடிதம் வந்த நேரம் அப்படி. போன வாரம்தான் மஞ்சக்குப்பம் கிரவுண்டுல ஒரு மேட்ச் பாத்துட்டு நின்னேன், ஸ்கோர் புக்கே கிடையாது, ஒரு பையன் மொபைல்ல அமுக்கிட்டு இருந்தான், நடுவுல சார்ஜ் போயிடுச்சு, அதோட யாருக்கும் ஸ்கோர் தெரியல, ரெண்டு டீமும் கத்தல். அதுலேர்ந்து எனக்கு மனசே ஆறல.

சாப்பாட்ட விடுங்க, பசிச்சா ஹாட் டாக் இருக்கு. தொப்பிக்கு யாரும் அடிக்க மாட்டாங்க, கிண்டல் பண்ணுவாங்க. பேப் ரூத்ங்கற பெரிய ஸ்டார் ஆட்டக்காரரை யாங்கீஸுக்கு வித்துட்டு, 1918க்கு அப்பறம் 2004 வரைக்கும் ஒரு வேர்ல்ட் சீரிஸ், அதாவது சாம்பியன் பட்டம், ஜெயிக்காம கெடந்த ஊரு, அந்த வயித்தெரிச்சல் இருக்கத்தானே செய்யும். யாங்கீஸுக்காக உசுர விடறவன் அந்த தொப்பியோட எதிராளி கூட்டத்துல உக்காந்தா அது ரோஷம். நீங்க எதுக்கு போடறீங்க?

ஆனா ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்துல அஞ்சு இன்னிங்ஸ்ல கெளம்பறேன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுதான் எனக்கு கோவம். 30 ஸ்டேடியம் பாக்கறேன்னு சொல்லி 30 கேட்டுல ஃபோட்டோ எடுத்துட்டு வர்றது பாக்கறதே இல்ல தம்பி. ஒன்பது பேர் வரிசையா பேட் பண்றாங்க, ஒருத்தன் மூணாவது தடவை அதே பிட்சர் (பந்து போடறவன்) முன்னாடி வந்து நிக்கறது பெரும்பாலும் அஞ்சாவது, ஆறாவது இன்னிங்ஸ்லதான், அதுக்குள்ள பிட்சர் கை எப்படி வருதுன்னு பேட் பண்றவனுக்கு புடிபட்டிருக்கும், பேட் பண்றவனுக்கு எந்த பந்து பிடிக்காதுன்னு பிட்சருக்கு தெரிஞ்சிருக்கும், பிட்சர மாத்தறதா வேணாமான்னு மேனேஜர் தவிக்கற நேரம் அது. நீங்க அப்ப பார்த்து வெளிய நடந்துட்டு இருப்பீங்க. 2023ல பிட்ச் க்ளாக், அதாவது இத்தனை செகண்டுக்குள்ள பந்து போடணும்ங்கற கடிகாரம், வந்ததுலேர்ந்து மொத்த ஆட்டமே சராசரியா ரெண்டே முக்கால் மணி நேரத்துக்குள்ள முடியுது, அது கூட உக்கார முடியாதா?

போர் அடிக்குதுன்னா கையில வேலை இல்லன்னு அர்த்தம். ஒரு ஸ்கோர்கார்டு வாங்குங்க, பென்சில் எடுத்துட்டு போங்க. நான் அங்க போயிருந்தப்ப பக்கத்து சீட்டுல ஒரு வயசான அம்மா, மடியில கார்டு, காதுல ரேடியோ, ஒரு பந்து விடாம எழுதிட்டு இருந்தாங்க. ஃபீல்டு பண்ற ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர்: பிட்சர் 1, கேட்சர் 2, ஃபர்ஸ்ட் பேஸ் 3, செகண்ட் பேஸ் 4, தேர்ட் பேஸ் 5, செகண்டுக்கும் தேர்டுக்கும் நடுவுல நிக்கற ஷார்ட்ஸ்டாப் 6, அப்பறம் அவுட்ஃபீல்டு மூணு பேரும் 7, 8, 9. ஷார்ட்ஸ்டாப் எடுத்து செகண்டுக்கு எறிஞ்சு அங்கேர்ந்து ஃபர்ஸ்டுக்கு போச்சுன்னா 6-4-3, ரெண்டு அவுட். மூணு ஸ்ட்ரைக் ஆனா பேட் பண்றவன் அவுட், அதுல மூணாவதுக்கு பேட்டை வீசி தவறவிட்டா ‘கே’, வீசாம நின்னு அவுட்டானா அதே ‘கே’ இடம் வலம் மாறி. ஒரு சின்ன கட்டத்துக்குள்ள ஒரு மனுஷன் வந்தது, ஓடினது, போனது எல்லாம் இருக்கும்.

இத கொண்டு வந்தது யாருன்னு நெனைக்கறீங்க? ஹென்றி சாட்விக், 1824ல இங்கிலாந்துல பொறந்து அமெரிக்கா போனவரு, பேப்பர்ல கிரிக்கெட் மேட்ச் எழுதிட்டு இருந்தவரு. நம்ம கிரிக்கெட் ஸ்கோர்கார்ட பாத்துதான் பேஸ்பாலுக்கு பாக்ஸ் ஸ்கோர், அதாவது மொத்த ஆட்டத்தையும் சுருக்கிக் காட்டற அட்டவணை, போட்டாரு. அதனால உங்களுக்கு இது அந்நியம் இல்ல, நெல்லிக்குப்பத்துல டென்னிஸ் பால் ஆடின பையனுக்கு இது வரும்.

எனக்கு கத்துக்குடுத்தது எங்க சித்தப்பா. மஞ்சக்குப்பத்துல மேட்ச் நடந்தா மரத்தடியில பெஞ்சு போட்டு அவர்தான் ஸ்கோரர், காத்துல பக்கம் பொரளாம இருக்க நோட்டு மேல ஒரு கல்லு. ரன் வராத பந்துக்கு புள்ளி, மெய்டன் ஓவர்னா ஆறு புள்ளியையும் இழுத்து சேத்து ‘எம்’. நான் தகரத் தகட்டுல எழுதின நம்பர போர்டு ஆணியில மாட்டணும். பந்து போடறப்ப நான் நோட்ட எட்டிப் பாத்தா தலையில ஒரு குட்டு, "மொதல்ல பந்த பாருடா, நோட்டு எங்கயும் ஓடிடாது". அவர் போனப்பறம் அந்த நோட்டெல்லாம் பழைய பேப்பர் கடைக்கு போயிடுச்சு, யாருக்கும் அது என்னன்னு தெரியல.

1912ல தொறந்த ஃபென்வேல இன்னிக்கும் லெஃப்ட் ஃபீல்டுல 37 அடி பச்சை சொவரு, அதுல கையால மாத்தற ஸ்கோர்போர்டு. சொவத்துக்குள்ள ஆளுங்க உக்காந்து நம்பர் தகட்ட எடுத்து எடுத்து மாட்டறாங்க தம்பி! பெரிய பெரிய ஸ்கிரீன் எல்லாம் வச்ச பின்னாடியும் அத எடுக்கல. அதுல செங்குத்தா புள்ளியும் கோடுமா ரெண்டு வரிசை இருக்கும், மோர்ஸ் கோடுல பழைய ஓனர் டாம் யாக்கி, அவர் மனைவி ஜீன் பேரோட முதலெழுத்துங்க. அத பாக்காம வந்துட்டீங்கன்னா எனக்கு மறுபடி எழுதவே எழுதாதீங்க.

சீட் கேட்டீங்கல்ல, ப்ளீச்சர்ஸ் வாங்குங்க, அவுட்ஃபீல்டுக்குப் பின்னாடி இருக்கற சீட்டுங்க. முன்னாடியே புல்பென்னு ஒரு எடம், அடுத்து வரப்போற பிட்சர் அங்க கை சூடு பண்றது தெரியும், யாரு எழுந்து நிக்கறான்னு பாத்தே மேனேஜர் மனசுல என்ன ஓடுதுன்னு சொல்லிடலாம். பச்சை சீட்டுங்களுக்கு நடுவுல ஒண்ணே ஒண்ணு செகப்பு இருக்கும், 1946ல டெட் வில்லியம்ஸ் அடிச்ச 502 அடி ஹோம் ரன் விழுந்த எடம், அங்க வேணா ஃபோட்டோ எடுத்துக்கோங்க. எட்டாவது இன்னிங்ஸ் நடுவுல கூட்டம் மொத்தமும் சேந்து பாடும், வார்த்தை தெரியலன்னாலும் எழுந்து நில்லுங்க.

க்ரீன் லைன் ட்ரெயின்ல போயி கென்மோர் ஸ்டேஷன்ல எறங்கி நடங்க, பெரிய பை வேணாம். சீக்கிரமே உள்ள போயி ரெண்டு டீமோட பேட்டிங் ஆர்டரையும் எழுதி வச்சிடுங்க, ஆட்டம் ஆரமிச்சா அதுக்கு நேரம் கெடைக்காது.