அண்ணாச்சி பதில்கள்: கிரவுனைப் பிரிக்கும் முன்

கேள்வி: அண்ணாச்சி, வாழைத்தார் ஏற்றப் பழைய ஃபோர் வீல் ஜீப் வைத்திருக்கிறேன். பச்சையாற்றில் இறங்கி ஏறித்தான் தோட்டத்துக்குப் போகணும். கொஞ்ச நாளாக 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் பின்னால் ஊளைச் சத்தம். ஆக்சிலேட்டரை விட்டால் அடங்குகிறது. ரிவர்ஸ் போட்டால் ‘டொக்’ என்று ஓர் இடி. பின் ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன், பினியன் என்ற ஜோடிப் பற்சக்கரங்களை மாற்றணும் என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடட்டுமா?
– வாசகர், களக்காடு

பதில்: பொறுங்க தம்பி. ஊளை வேறு, இடி வேறாக இருக்கலாம்.

சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் போட்டுவிட்டு அடியில் போய், பின் ஆக்சிலைச் சுற்றவைக்கும் நீளத் தண்டான பிராப்பெல்லர் ஷாஃப்டைக் கையால் திருகிப் பாருங்கள். தண்டின் முனையில் இருக்கும் கிராஸ் ஜாயின்டில் ஆட்டம் தெரிந்தால் ‘டொக்’ அங்கிருந்துதான். தண்ணீரில் இறங்கும் வண்டியில் அது சீக்கிரம் போகும், செலவும் குறைவு. பினியன் பக்கம் லேசான சுழல் ஆட்டம் இருந்தால் பயம் வேண்டாம், பல்லுக்குப் பல் இடைவெளி இருக்கத்தான் வேண்டும். மேலும் கீழும் அசைந்தால்தான் பேரிங் போச்சு என்று அர்த்தம்.

ஊளைக்கு நாங்குநேரி நாலுவழிச் சாலைக்குப் போங்கள். ரோடு மாறும்போது சத்தமும் மாறினால் டயர். ஸ்டியரிங்கை லேசாக இடம் வலம் அசைக்கும்போது கூடிக் குறைந்தால் வீல் பேரிங். வளைவில் மட்டும் கேட்டால் வளைவில் இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியலின் நடுவில் இருக்கும் சின்னப் பற்சக்கரங்களையும் பார்க்கணும். உங்களுக்கு மிதித்தால் மட்டும் வருவதால், மெக்கானிக் சொல்வதை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனாலும் முதலில் ஆயிலைப் பாருங்கள்.

கிரவுனை மூடியிருக்கும் ஹவுசிங்கில் ஆயில் ஊற்றும் மேல் போல்ட் கழல்கிறதா என்று பார்த்த பிறகே, ஆயிலை வடிக்கும் கீழ் போல்ட்டில் கை வையுங்கள். ஆயிலை முழுக்க வடித்துவிட்டு, மேல் போல்ட் வராமல் முழிக்கிறவர்கள் நிறைய. போல்ட் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் சகஜம். நகத்தில் தட்டுப்படும் இரும்புத் துணுக்கு என்றால் பிரித்தே ஆகணும். ஆயில் பால்காப்பி நிறத்தில் வந்தால் ஆற்றுத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. ஓடிச் சூடான ஹவுசிங் தண்ணீரில் குளிர்ந்ததும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, காற்றுப் போய்வரும் துளையான பிரீதர் வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சும். பிரீதருக்கு ஒரு டியூப் மாட்டி உயரமாகக் கட்டுங்கள். இதைச் செய்யாமல் புது கிரவுன் போட்டால் அதுவும் நிற்காது.

மாற்றித்தான் ஆகணும் என்றால் கிரவுனும் பினியனும் ஜோடியாகவே வாங்குங்கள். பல்லில் மை தடவி, பதியும் இடத்தைப் பார்த்துப் பொருத்துவாரா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். “அதெல்லாம் எதுக்கு?” என்றால் வேறு ஒர்க்‌ஷாப் பாருங்கள்.

கேள்வி: தேரி மணலில் ஓட்டிவிட்டு ஃபோர் வீலிலேயே தார் ரோட்டில் ஏறினால், வளைவில் வண்டி இழுத்துப் பிடிக்கிறது. டிஃபரன்ஷியல் கோளாறா?
– வாசகர், திசையன்விளை

பதில்: கோளாறு இல்லை. லீவர் போட்டு மாற்றுகிற ஜீப்புகளில் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே வேகத்தில் சுற்றும். வளைவிலோ முன் சக்கரங்கள் கூடுதல் தூரம் ஓடணும். மணலில் சறுக்கிச் சமாளித்துவிடும், தார் ரோட்டில் முடியாது. ரோட்டில் ஏறும் முன்பே டூ வீலுக்கு மாற்றுங்கள். லீவர் இறுகிக்கொண்டால் நேராகக் கொஞ்சம் ரிவர்ஸ் வந்து இழுங்கள், விடும்.