பழைய கெப்புக்கு எந்த சைலன்சர் சரி?

மாரி முடிந்து வெயில் அடிக்கத் தொடங்கினால் கெப் (பிக்கப்) வண்டிகளின் சைலன்சர் பற்றிய கேள்விகள் வந்து குவியும். இந்த முறையும் அப்படித்தான்.

1994ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ், 2.8 டீசல். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சைலன்சர் உக்கிப்போகிறது. ஸ்டெயின்லெஸ் போட்டால் தீருமா? (நிலாவெளி)

பெரும்பாலும் தீரும். ஆனால் உப்புக்காற்றை மட்டும் குறை சொல்லாதீர்கள். ஒரு லீட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீட்டர் தண்ணீர் ஆவியாகப் பைப்புக்குள் போகிறது. கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடும் வண்டியில் பைப் சூடேறாது. அந்தத் தண்ணீர் சைலன்சரின் வயிற்றில் தங்கி உள்ளேயிருந்து தின்னும். வெளியே உப்பு, உள்ளே ஈரம். தகடு என்ன செய்யும்? வாரத்துக்கு ஒருமுறை கந்தளாய் வரை ஓட்டிவிட்டு வாருங்கள், பாதி வருத்தம் குறையும்.

ஸ்டெயின்லெஸ் என்று சொல்லி விற்பதிலும் 409, 304 என்று வகை உண்டு. 409இல் குரோமியம் சுமார் 11 சதவீதம்தான். மேலே பழுப்பேறும், சட்டென்று ஓட்டை விழாது. 304இல் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம் அளவில் இருக்கும். கடைக்குப் போகும்போது காந்தம் ஒன்றைக் கொண்டுபோங்கள். 409இல் நன்றாக ஒட்டும், 304இல் அநேகமாக ஒட்டாது. 304 விலை சொல்லிவிட்டு மற்றதைத் தருகிறவர்களும் இருக்கிறார்கள்.

முழுவதையும் மாற்றத் தேவையில்லை. எஞ்சினை ஒட்டிய முன் பைப் சூட்டில் காய்ந்தே கிடக்கும், அது தாங்கும். சைலன்சரையும் வால் பைப்பையும் 304இல் போடுங்கள். ஒட்டும்போது ஸ்டெயின்லெஸ் வெல்டிங் குச்சிதான் வேண்டும். சாதாரணக் குச்சியால் ஒட்டினால் ஒட்டிலிருந்தே துரு கிளம்பும். வண்டியை விற்கும் எண்ணம் இருந்தால் அலுமினியப் பூச்சுத் தகடே போதும்.

2.4 டீசல், டர்போ இல்லை. பெரிய பைப் போட்டால் இழுவை கூடுமா? (கிண்ணியா)

சத்தம் கூடும். டர்போ உள்ள வண்டியில் டர்போவுக்குப் பின்னால் வழி தாராளமாக இருந்தால் வித்தியாசம் தெரியும். உங்களுடையதுக்குக் கம்பனி அளவே போதும். அந்தக் காசில் எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைச் சோதித்துப் பாருங்கள்.

புகைப் பரிசோதனையில் ஃபெயில். புது சைலன்சர் போட்டால் பாஸ் ஆகுமா? (மூதூர்)

ஆகாது. கரும்புகை எஞ்சினிலிருந்து வருவது. முதலில் ஏர் ஃபில்டர், பிறகு இன்ஜெக்டர், கடைசியில் டீசல் பம்ப். நீலப்புகை என்றால் எண்ணெய் எரிகிறது. அது வேறு செலவு.

வீட்டில் மிஞ்சிய ஜீ.ஐ. தண்ணீர்ப் பைப்பை வெல்டிங் செய்து போடலாமா? (தம்பலகாமம்)

வேண்டாம். வெல்டிங் சூட்டில் அதன் துத்தநாகப் பூச்சு புகையாகும். அதைச் சுவாசித்த வெல்டருக்கு இரவே காய்ச்சலும் நடுக்கமும் வரலாம். ஒட்டுப்போட்ட இடத்தில் பூச்சும் போய்விடும், அப்புறம் துரு அங்கேதான் பிடிக்கும். பைப்பின் பாரத்தில் அதைத் தூக்கிப் பிடிக்கும் ரப்பரும் அறுந்துவிடும்.

படகை இழுக்கக் கெப்பைக் கடலுக்குள் பின்னால் இறக்குகிறேன். வால் பைப் நனைகிறது. (சல்லி)

வால் பைப் தண்ணீருக்குள் இருக்கும்போது மட்டும் எஞ்சினை நிறுத்திவிடாதீர்கள். புகையின் தள்ளு நின்றதும் கடல்தண்ணீர் உள்ளே ஏறும். வால் பைப்பை மேல்நோக்கி வளைத்துப் பக்கவாட்டில் எடுப்பது நல்லது. வீட்டுக்கு வந்ததும் அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவுங்கள். கிணறு உவர் என்றால் குழாய்த் தண்ணீரில்.

கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓடினால் தலையிடிக்கிறது. பின்னால் கூடு போட்ட கெப். (உப்புவெளி)

மற்ற எல்லாரும் ஆறுதலாகச் செய்யலாம், நீங்கள் இன்றே பாருங்கள். புகையிலுள்ள கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு உள்ளே வரலாம்; அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து கேளுங்கள். டிக் டிக் என்று சத்தம் வந்தால், எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் மெனிஃபோல்ட்டின் கேஸ்கெட்டில் கசிவு இருக்கலாம். அடுத்து வால் பைப். முன்பு உக்கிய நுனியை யாரோ வெட்டிவிட்டு, இப்போது அது கூட்டுக்கு அடியிலேயே முடிகிறதா என்று குனிந்து பாருங்கள். அது பின் பம்பரைத் தாண்டி வெளியே வர வேண்டும். அதுவரை பிள்ளைகளைப் பின்னால் ஏற்றாதீர்கள்.