செவ்வாய் என்று எழுதிய டொக்டர்

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 71. சரவாங்கி, அதாவது மூட்டு வாதம். கொழும்பில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் 6 நாள் மறித்து வைத்திருந்தார்கள். வாட்டில் இருந்த இளம் டொக்டர் ஒரு சிங்களப் பிள்ளை. தினமும் ஸ்டூலை இழுத்துப் போட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து, தெரிந்த அரைகுறைத் தமிழில் கதைத்தார். டிக்கட் வெட்டி வீட்டுக்கு விட்ட அன்று மருந்துச் சரையில் தன் கையாலேயே 'செவ்வாய்' என்று தமிழில் எழுதிக் கொடுத்தார். கடவுளைக் கண்ட மாதிரி இருந்தது. இதே கவனிப்பு எல்லாருக்கும் கிடைக்குமா, அல்லது அம்மாவின் அதிர்ஷ்டமா? காசு கட்டித் தனியாரில் சனல் பண்ணினாலும் இப்படிக் கிடைப்பதில்லையே, ஏன்?
— ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: 'கவனிப்பு' என்று எழுதினீர்கள். நல்ல காலம், எந்தக் கவனிப்பு என்பதையும் விளக்கிவிட்டீர்கள். இந்தச் சொல்லைத் தனியே நம்பித் தெருவில் இறங்க முடியாது. கலியாண வீட்டில் கவனிப்பு என்றால் வடை இரண்டாம் தரம் வரும். பொலிஸில் கவனிப்பு என்றால் ஆள் நடந்து வெளியே வருவாரா என்பது சந்தேகம். கந்தோரில் 'ஐயாவைக் கொஞ்சம் கவனியுங்கோ' என்று பியோன் சொன்னால் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். 'தங்கள் விண்ணப்பம் கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது' என்று கடிதம் வந்தால் விண்ணப்பத்துக்கு எட்டுச் செலவு செய்துவிடலாம். படலையில் 'நாய் கவனம்' என்று எழுதியிருப்பது நாய்க்குச் சோறு வைக்கச் சொல்லி அல்ல. கோட்டை ஸ்டேஷனில் ஒரு பை கவனிப்பாரற்றுக் கிடந்தால், அதைக் கவனிக்க ஆயுதத்தோடு ஆட்கள் வருவார்கள். இத்தனை காரியத்துக்கும் ஓடித் திரிந்து களைத்த சொல், கடைசியில் உங்கள் அம்மாவின் கட்டிலடியில் ஒரு ஸ்டூலில் குந்தியிருக்கிறது. பாவம், கொஞ்சம் இருக்கட்டும்.

ஆனால் கடவுளை இதற்குள் கொண்டுவர வேண்டாம். கடவுள் ஸ்டூல் இழுப்பதில்லை. டொக்டரைக் கடவுளாக்கிவிட்டால் அடுத்த வாட்டில் நிற்கிற டொக்டர் 'நான் மனிசன்தானே' என்று தப்பிவிடுவார். அந்தப் பிள்ளை செய்தது மூன்று வேலை. மூன்றும் படித்துப் பழகக்கூடியவை.

முதலாவது ஸ்டூல். அமெரிக்காவில் கான்சாஸ் ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு சத்திரசிகிச்சை நிபுணரைச் சில நோயாளிகளிடம் நின்றபடியும் சிலரிடம் இருந்தபடியும் பேச வைத்து, எவ்வளவு நேரம் உங்களோடு செலவழித்தார் என்று பிறகு கேட்டார்கள். 2012இல் வெளியான ஆய்வு. இருந்து பேசியபோது அவர் செலவழித்தது ஒரு நிமிடம் சொச்சம். நோயாளிகள் சொன்னதோ ஐந்து நிமிடத்துக்கு மேல். நின்று பேசியவர் எந்நேரமும் புறப்படப் போகிறவராகத்தான் தெரிவார். நோயாளியும் அவசர அவசரமாகப் பாதியைச் சொல்லி மீதியை விழுங்குவார். இன்னொன்று: உங்கள் வாட் டொக்டர் கட்டிலில் இருக்காமல் ஸ்டூலைத் தேடியது வெறும் நாகரிகம் இல்லை. கட்டிலில் இருந்தால் கிருமி ஒரு கட்டிலிலிருந்து அடுத்ததற்குப் போகும். அதைவிட, சரவாங்கிக்காரியின் மெத்தை ஒரு பக்கம் பதிந்தால் இடுப்பும் முழங்காலும் சேர்ந்து திரும்பும். சுகம் விசாரிக்க வந்தவரே நோவைக் கொடுத்துவிட்டுப் போவார். நம் வாட்டுகளில் ஒரு ஸ்டூல் வெறுமையாகக் கிடைப்பதென்பது தனி அதிசயம். அதில் ஒரு டிபன் கரியராவது இருக்கும்.

இரண்டாவது, வாயை மூடிக்கொண்டு கேட்டது. 1984இல் அமெரிக்காவில் பெக்மன், பிராங்கெல் என்ற இருவர் டொக்டர்மாரின் அறைப் பேச்சைப் பதிவு செய்து அளந்தார்கள். நோயாளி பேசத் தொடங்கிச் சராசரி 18 செக்கனில் டொக்டர் குறுக்கே விழுகிறார். 18 செக்கன்! நம்மாள் ஒருவர் அதற்குள் எதைச் சொல்லி முடிப்பார்? 'நாங்கள் சொந்த இடம் நெடுந்தீவு டொக்டர், இப்ப வெள்ளவத்தையில மகளோட இருக்கிறம், மகளும் மருமகனும் வேலைக்குப் போயிடுவினம், போன தைப்பூசத்துக்கு முதல் நாள்...' அவ்வளவுதான், மணி அடித்துவிட்டது. முழங்கால் இன்னும் கதைக்குள் வரவில்லை. தைப்பூசம் ஏன் என்று டொக்டருக்கு விளங்காது. ஆனால் அந்த முதல் நாள்தான் கோயில் படியில் கால் வழுக்கியது. அதைக் கேட்காவிட்டால் விழுந்த காலையும் வீங்கிய காலையும் ஒரே கால் என்று எழுதிவிடுவார்கள்.

அதற்காக விட்டால் விடியும்வரை பேசுவார்கள் என்று டொக்டர்மார் பயப்படத் தேவையில்லை. சுவிற்சர்லாந்தில் குறுக்கிடாமல் விட்டுப் பார்த்தார்கள். 2002இல் வந்த கணக்கு: சராசரி 92 செக்கனில் நோயாளி தானே நிறுத்திவிட்டார். சுவிஸ்காரர் கஞ்சம் என்று நம்மவருக்கு இரண்டு மடங்கு கொடுங்கள். அப்போதும் மூன்று நிமிடம்தான்.

இதில் எனக்குப் பழைய கோபம் ஒன்று உண்டு. 1987இல் 13ஆம் திருத்தம் வந்து தமிழும் அரச கரும மொழி ஆனது. அந்தத் தமிழ் பலகையில் ஏறிவிட்டது, எழுத்துப் பிழையோடு. வாட்டுக்குள் வரத்தான் இன்னும் மூச்சு வாங்குகிறது. நோவுக்கு நம்மிடம் உள்ள சொற்களைப் பாருங்கள்: குத்து, உளைவு, எரிவு, கடுப்பு, விறைப்பு, இழுவை, பாரம், அடைப்பு. ஒவ்வொன்றும் வேறு வேறு நோய்க்குக் கை காட்டுகிறது. 'நெஞ்செரிவு' பெரும்பாலும் வயிற்றிலிருந்து வருவது. 'நெஞ்சுக்குள்ள பாரம், படி ஏறினால் கூடுது, நின்றால் குறையுது' என்றால் இருதயம். அதற்கு வந்து 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் நிற்கிற யாரோ ஒருவர் 'பப்புவ அமாருய்' என்று சிங்களத்தில் மாற்றிக் கொடுக்கிறார். நெஞ்சில் ஏதோ சுகமில்லை, அவ்வளவுதான் அதில் மிஞ்சுகிறது. எட்டுச் சொல் ஒரு சொல்லாகி, பாரம் எரிவாகி, ஈ.சி.ஜி.க்குப் பதிலாக வயிற்றுப் புளிப்புக்கான குளிசை கிடைக்கிறது. யாரும் கெட்டவரில்லை. சொல் வழியில் விழுந்துவிட்டது.

மகனை மொழிபெயர்க்க விடுவதும் ஆபத்து. அம்மா மகனிடம் சொல்லக் கூசுகிற வருத்தம் டொக்டரிடம் போகாது. டொக்டர் சொன்ன கெட்ட செய்தியை மகன் அம்மாவிடம் சொல்ல மாட்டான். இரண்டு பக்கமும் வடிகட்டி. ஆகவே அரைகுறைத் தமிழ் என்று சொல்லாதீர்கள். 'எங்க நோகுது? குத்துதா? எரியுதா? நடந்தா கூடுதா?' இந்த நாலு கேள்வியும் கையால் தொட்டுக் காட்டச் சொல்லுகிற பழக்கமும் இருந்தால், வாட்டுக்கு அது முழுத் தமிழ். நீங்களும் உங்கள் பங்குக்கு, சொல்லை மாற்றாமல் சொல்லுங்கள். கூடவே எப்போது கூடுகிறது, எதனால் குறைகிறது, வியர்த்ததா என்பதையும் சேருங்கள். டொக்டருக்குச் சொல் தவறினாலும் இவை தவறாது.

சாமுவேல் கிறீனை இந்தப் பக்கத்தில் இழுக்காமல் விடமாட்டேன் என்று உதவியாசிரியர் ஏற்கெனவே பெருமூச்சு விட்டாயிற்று. இழுக்கிறேன். அமெரிக்க மிஷன் டொக்டர். 1847இல் யாழ்ப்பாணம் வந்தவர். மானிப்பாயில் இருந்து தமிழ் படித்து, வைத்திய நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே டொக்டர்மாரைப் படிப்பித்தார். கொழும்பில் வைத்தியக் கல்லூரி ஆங்கிலத்தில் தொடங்கியது 1870இல். அதற்கு முன்பே மானிப்பாயில் தமிழில் உடற்கூறு படித்தவர்கள் இருந்தார்கள். வெள்ளைக்காரனுக்கு நாக்கு வளைந்தது. நம் சொந்தத் தமிழ் டொக்டர்மார் சிலர் கொட்டாஞ்சேனைக் கிழவியிடம் 'பெயின் ரேடியேட் பண்ணுதா?' என்று கேட்கிறார்கள். கிழவி ரேடியோவைத் தேடுகிறாள்.

இனி மூன்றாவது, அந்தச் செவ்வாய். உங்கள் கடிதத்தில் நான் இரண்டு தரம் வாசித்த இடம் அதுதான். சரவாங்கிக்குக் கிழமைக்கு ஒரு நாள் மட்டும் எடுக்கிற மருந்து என்றால் அநேகமாக மெதோட்ரெக்சேட்டாக இருக்கும். டயக்னோசிஸ் கார்டில் பெயரைப் பாருங்கள். 2.5 மில்லிகிராம் மஞ்சள் குளிசை, தொடக்கத்தில் மூன்றோ நாலோ, ஒரே நாளில். மற்ற ஆறு நாளும் இல்லை. இதைத் தினமும் எடுத்துவிட்டால் ஆள் சாகலாம். உலகம் முழுக்கச் செத்திருக்கிறார்கள். உடம்பு புதுக் கலங்களைச் செய்யப் போலிக் அமிலம் வேண்டும். இந்த மருந்து அதை மறிக்கிறது. கிழமைக்கு ஒருமுறை மறித்தால் மூட்டின் கொதிப்பு அடங்கும், உடம்பும் இடையில் தேறிக்கொள்ளும். தினமும் மறித்தால் வேகமாக வளர்கிற இடங்கள் முதலில் அழியும்: வாயின் உட்தோல், குடல், எலும்பு மச்சை. வாய் சிவந்து புண்ணாகும். பிறகு வெள்ளணு இறங்கிக் காய்ச்சல் வரும். செவ்வாயைத் தவறாகப் படித்தால் செவ்வாய் ஆகிவிடும் என்று தமிழ் முன்பே எழுதி வைத்திருக்கிறது.

பிழை எங்கே நடக்கிறது? மற்றக் குளிசை எல்லாம் தினசரி. கை பழக்கத்தில் சரையில் 'காலை 4' என்று எழுதிவிடும். ஆங்கிலத்தில் திங்கட்கிழமை என்று எழுதியதைக் காலை என்று வாசித்துத் தினமும் எடுத்தவர்கள் உண்டு. இரண்டு சொல்லும் அவ்வளவு நெருக்கம். தமிழில் 'திங்கள்' என்று எழுதினாலும் மாதம் ஒருமுறையா என்று யாராவது பண்டிதர் கேட்பார். செவ்வாய்க்கு அந்தத் தொல்லை இல்லை. இன்னொரு வழி: நோ கூடுகிறதென்று தானாகவே ஒன்று கூட்டி எடுப்பது. அல்லது வெளிநாட்டிலிருந்து வந்த மகள் அம்மாவுக்கு உதவியாக ஏழு அறை மருந்துப் பெட்டியை வாங்கி, ஏழையும் நிரப்பிவிடுவது.

இவற்றைச் சரையிலேயே எழுதி ஒட்டுங்கள். போலிக் அசிட் குளிசை வேறொரு நாளில், செவ்வாயில் வேண்டாம். செவ்வாயை மறந்தால் புதன், வியாழன்வரை எடுக்கலாம். அதற்கும் பிந்தினால் அந்தக் கிழமையை விட்டுவிட்டு அடுத்த செவ்வாய். இரட்டித்து எடுப்பதே கிடையாது. வாய்ப்புண், காய்ச்சல், தொண்டை நோ, வறட்டு இருமல், மூச்சிளைப்பு வந்தால் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராமல் உடனே போக வேண்டும். இரத்தப் பரிசோதனை தொடக்கத்தில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை, பிறகு டொக்டர் சொல்கிறபடி. சலக்கடுப்புக்குப் பார்மசியில் கேட்டு வாங்குகிற சில அன்டிபயோட்டிக் இதோடு சேர்ந்தால் விஷம். டிரைமெதோபிறிம், கோ-டிரைமொக்சசோல் இரண்டையும் குறித்து வையுங்கள். எங்கே மருந்து வாங்கினாலும் கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள்.

சனல் பண்ணுவது பற்றிக் கேட்டீர்கள். ஒரு மாலையில் 40 நம்பர் வெட்டினால் 18 செக்கனே தாராளம். மேலே சொல்ல எதுவும் இல்லை.

அதிர்ஷ்டமா என்றால், இப்போதைக்கு ஆம். அந்தப் பிள்ளைக்கு யாரோ ஒரு பெரிய டொக்டர் வாட் ரவுண்டில் ஸ்டூலில் இருந்து காட்டியிருப்பார். பார்த்துப் பழகுகிற வேலை இது. அதனால் கேக் பெட்டி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டாம். வாட் முழுக்கப் பங்கிட்டு அரை மணியில் முடிந்துவிடும். ஆஸ்பத்திரிப் பணிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வாட் இலக்கம், தேதி, டொக்டரின் பெயர், அவர் செய்த மூன்று காரியம். 'மிக்க அன்பு' 'கடவுள்' எல்லாம் வெட்டிவிட்டு, ஸ்டூல் என்று எழுதுங்கள், செவ்வாய் என்று எழுதுங்கள். முறைப்பாடு எழுதத்தான் நமக்குப் பேனை கிடைக்கும் என்று அங்கே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியாக, நம் சோதிடப் பக்கக்காரருக்கு. 'செவ்வாயோ வெறுவாயோ' என்று தொடங்கி, இந்த அம்மாவின் மருந்து நாளை வெள்ளிக்கு மாற்றச் சொல்லி அடுத்த இதழில் பரிகாரம் எழுதிவிடாதீர்கள் ஐயா. உங்களுக்கு அது கிரகம். செவ்வாய் விழுங்கியவர் அதே கிழமை வெள்ளியும் விழுங்கினால் நாலு நாளில் இரண்டு தரம்.