லென்ஸைச் சோதிக்கும் முன் சுவரைச் சோதியுங்கள்

வாசகர் கேள்வி – பதில்: ஒளிப்படக் கலை

கேள்வி: 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் (36 × 24 மி.மீ. சென்சார்) கேமராவும் அதனுடன் வந்த 28–70 கிட் லென்ஸும் வாங்கி மூன்று மாதங்கள் ஆகின்றன. வேலூர்க் கோட்டை மதிலை அகழிக்கு இப்பாலிருந்து எடுத்த படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால், நடுவில் கருங்கல்லின் உளித் தடம் வரை தெரிகிறது. இடது ஓரம் மட்டும் குழைந்து கிடக்கிறது. திருமண ஆல்பம் செய்யும் நண்பர், “கிட் லென்ஸ் என்றாலே இப்படித்தான், விற்றுவிடு” என்கிறார். பழுது லென்ஸிலா, நான் எடுத்த முறையிலா? (காட்பாடி வாசகர்)

பதில்: கேமராவோடு ஒரே பெட்டியில் விற்கப்படுவது என்பதற்கு மேல் ‘கிட் லென்ஸ்’ என்ற பெயருக்குப் பொருள் இல்லை. 2018இல் நிக்கான் இசட் 6, இசட் 7 கேமராக்களுடன் சேர்த்து விற்கப்பட்ட 24–70 எஃப் 4 லென்ஸை யாரும் மட்டம் என்று ஒதுக்கிவிடவில்லை. ஆகவே நண்பரின் தீர்ப்பைச் சற்று நிறுத்தி வையுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பயன்பட்டது ‘இடது ஓரம் மட்டும்’ என்ற சொற்கள்தான். நான்கு மூலைகளும் ஒரே அளவில் குழைந்தால் அது அந்த லென்ஸின் வடிவமைப்பு; அதே மாடலில் வேறொன்றை வாங்கினாலும் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் குழைந்தால், உள்ளே இருக்கும் கண்ணாடிகளுள் ஏதோ ஒன்று நடு அச்சிலிருந்து விலகியோ சாய்ந்தோ அமர்ந்திருக்க வாய்ப்பு உண்டு; அது உங்கள் கையிலுள்ள லென்ஸுக்கு மட்டுமே உரிய குறை என்பதால், உத்தரவாதக் காலத்துக்குள் கொண்டுபோய்க் காட்டி நியாயம் கேட்கலாம்.

ஆனால் படத்தை எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்று எழுதவில்லையே. வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாதத்தில், காலை பதினொரு மணிக்குப் பாலாற்றின் வறண்ட மணலுக்கு அக்கரையில் இருந்த கட்டடங்களை எடுத்துப் பார்த்துவிட்டு, நல்ல லென்ஸ் ஒன்றை மோசம் என்று முடிவுகட்டி விற்றவன் நான். மணலிலிருந்தும் கல்லிலிருந்தும் எழும் சூடான காற்று ஒளியை வளைத்து வளைத்து அனுப்புவதால் தொலைவிலுள்ளவை திட்டுத் திட்டாகக் குழைகின்றன. எத்தனை விலையுயர்ந்த லென்ஸாலும் அதைத் திருத்த இயலாது. இதை அறிவது எளிது: அசையாமல் வைத்த கேமராவில் பத்துப் படங்களை அடுத்தடுத்து எடுத்துப் பாருங்கள். குழைந்த திட்டு படத்துக்குப் படம் இடம் மாறினால் குற்றவாளி காற்று. கோட்டையைத்தான் எடுப்பேன் என்றால் காலை ஆறரை மணிக்குள் எடுத்துவிடுங்கள்; தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடமாதலால், அங்கே முக்காலி நிறுத்த முன் அனுமதி வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

அதைவிட வீட்டுச் சுவரே மேல். சமதளமான சுவரில் நாளிதழ்த் தாள்கள் ஐந்தை, படத்தின் நடுவில் ஒன்றும் மூலைக்கு ஒன்றுமாக அமையும்படி, சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். லென்ஸின் அகலக் கோண முனையான 28 மி.மீ.இல் இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் சட்டகத்துக்குள் ஏறத்தாழ இரண்டரை மீட்டர் அகலச் சுவர் அடங்கும். கேமரா சுவருக்கு நேராக நிற்கிறதா என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். கண் மதிப்பை நம்பாதீர்கள். முகம் மழிக்கும்போது பார்க்கும் சிறிய கண்ணாடியைச் சட்டகம் கழற்றி, நடுத்தாளின் மேல் சுவரோடு ஒட்டப் பதித்துவிட்டு வ்யூஃபைண்டரில் பாருங்கள்: உங்கள் லென்ஸின் பிம்பம் படத்தின் நட்டநடுவில் தெரிந்தால் கேமரா நேராக இருக்கிறது, அரை அங்குலம் விலகித் தெரிந்தாலும் முக்காலியைத் திருத்துங்கள். இந்த ஒரு வேலைக்கு நான் அரை மணி நேரம் செலவிட்டதுண்டு. நேரானதும் கண்ணாடியை எடுத்துவிடலாம்.

பிறகு ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, இரண்டு வினாடி டைமர், கேமரா திருத்தாத ‘ரா’ கோப்பு. முக்காலியில் இருக்கும்போது அதிர்வு தணிப்பை அணைத்துவிட வேண்டும். ஃபோகஸைத் திரையில் பெரிதாக்கிக் கையால் வையுங்கள். ஒவ்வொரு நிலையிலும் மூன்று முறை புதிதாக ஃபோகஸ் வைத்து எடுத்து, மூன்றில் சிறந்ததை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். 28, 50, 70 மூன்றிலும் அபெர்ச்சரை (ஒளி புகும் துளையை) முழுவதும் திறந்து ஒன்று, எஃப் 8, எஃப் 11 என்று எடுத்தால் போதும்; எஃப் எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்.

பார்க்க வேண்டியது மெய்யெழுத்தின் புள்ளி. சோதனை அட்டை வாங்கக் காசு செலவழிக்காதீர்கள். தமிழ் நாளிதழின் சிற்றெழுத்து விளம்பரப் பக்கம் அதைவிடக் கறாரானது. நடுத்தாளில் வட்டமாக இருக்கும் புள்ளி மூலைத்தாளில் கோடாக நீள்கிறதா, ‘ண’வின் சுழிகளை எண்ண முடிகிறதா, எழுத்தின் ஒரு விளிம்பில் ஊதாவும் மறு விளிம்பில் பச்சையும் படிகின்றனவா என்று நான்கு மூலைகளையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். நடுவோடு மூலையை ஒப்பிட்டு வருந்துவதில் பயனில்லை. மூலை எப்போதும் தோற்கும்.

இடது ஓரம் அப்போதும் குழைந்தால், கேமராவைத் தலைகீழாகத் திருப்பி, கண்ணாடியால் மறுபடி நேராக்கி, அதே சுவரை எடுங்கள். முன்பு குழைந்த அதே தாள்களே மறுபடியும் குழைந்தால் பிழை சுவரில் அல்லது நீங்கள் நிறுத்திய கோணத்தில். குழைவு இடம் மாறி எதிர்ப்பக்கத் தாள்களுக்குப் போனால் பிழை கேமராவோடு திரும்புகிறது, அதாவது பெரும்பாலும் லென்ஸில் இருக்கிறது. எஃப் 8இல் இடமும் வலமும் ஒத்து வந்தால் நானாக இருந்தால் விற்கமாட்டேன்.

கேள்வி: காலணி ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் விலைப்பட்டியலுக்காக என் 24–105 கிட் லென்ஸில் படம் எடுக்கிறேன். முன்மூக்கிலிருந்து குதிகால் வரை எல்லாம் தெளிவாக வேண்டும் என்பதால் எஃப் 22 வைக்கிறேன். ஆனால் தையல் நூல் மங்கலாகவே வருகிறது. லென்ஸ் தரம் குறைவோ? (ஆம்பூர் வாசகி)

பதில்: இல்லை, இயற்பியல். அபெர்ச்சரைச் சிறிதாக்கச் சிறிதாக்க, ஒளியின் விளிம்பு விளைவால் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறு வட்டமாக விரிகிறது. பச்சை ஒளிக்கு அந்த வட்டத்தின் விட்டம் எஃப் 8இல் ஏறத்தாழ 11 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). எஃப் 22இல் 30 மைக்ரான். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் சென்சாரில் ஒரு பிக்சல் 6 மைக்ரான் அளவே என்பதால், எஃப் 22இல் ஒரு புள்ளி ஐந்து பிக்சல் அகலத்துக்குப் பரவி விடுகிறது. எஃப் 11இல் நிறுத்தி, முன்மூக்கு, நடு, குதிகால் என்று ஃபோகஸை நகர்த்தி நான்கைந்து படங்கள் எடுத்து மென்பொருளில் இணையுங்கள். 24 மி.மீ. பக்கம் போகவே வேண்டாம்: கிட்ட நின்று எடுக்கும் காலணிக்கு யானைக்கால் வந்துவிடும். 70க்கு மேல் வைத்துத் தள்ளி நில்லுங்கள். அகலக் கோணத்தில் சில கிட் லென்ஸ்கள் படத்தில் உண்டாக்கும் வளைவைக் கேமராவே கணக்கிட்டு இழுத்து நிமிர்த்துகிறது. இழுபட்ட மூலையில் தெளிவு குறைவதும் அதனால்தான்.

கேள்வி: நட்சத்திரங்களை எடுத்து லென்ஸைச் சோதிக்கலாம் என்கிறார்களே? (வாணியம்பாடி வாசகர்)

பதில்: உங்கள் ஊருக்கு அருகே ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் ஆய்வகத்தில் 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்குகிறது; இரவு வானத்தின் இருட்டைத் தேடித்தான் அதை அங்கே அமைத்தார்கள். அந்த மலைப்பக்கம் நிலவில்லாத இரவில் போக முடிந்தால் போங்கள். இதைவிடக் கடுமையான சோதனை வேறில்லை. 24 மி.மீ.இல் எட்டு வினாடிக்கு மேல் ஷட்டரைத் திறந்து வைக்காதீர்கள். பூமி சுழல்வதால் விண்மீன் கோடாகும். முழுத் திறப்பில் மூலை விண்மீன்கள் சிறகு விரித்த பறவைபோல் தெரியும். நான்கு மூலைகளிலும் சிறகு ஒரே அளவானால் அது வடிவமைப்பு. ஒரு மூலையில் மட்டும் பெரிதானால், காட்பாடி வாசகருக்குச் சொன்னபடி கேமராவைத் தலைகீழாக்கி இன்னொரு படம் எடுத்துப் பாருங்கள். விடியற்பனியில் லென்ஸின் முகப்பில் ஈரம் படியும். துடைக்கப் பருத்தித் துணி ஒன்றை எடுத்துச் செல்லுங்கள்.