கார் ஷெட் எபாக்சி தரை: ஆசிட்டை எடுக்கும் முன் உரிந்த சில்லைத் திருப்பிப் பாருங்கள்

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "கார் ஷெட்டின் சிமெண்ட் தரையில் எபாக்சி என்கிற பிசின் கோட்டிங், சாம்பல் நிறத்தில், போட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது சார். பளபளப்பு போய் வெள்ளையாக மங்கிவிட்டது. தினமும் ஓசூர் போய்வருகிறேன், முன் டயர் நிற்கிற இடத்தில் கறுப்புத் தடம் விழுந்திருக்கிறது, அதிலேயே ஒரு பக்கம் உள்ளங்கை அளவுக்கு உரிந்தும் வந்துவிட்டது. வீட்டு வேலைக்கு வரும் அக்கா, ஆசிட் விட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார். செய்யலாமா, இல்லை மொத்தமாக மறுபடி போடணுமா?"

ஆசிட் வேண்டாம். பாத்ரூம் ஆசிட் என்று விற்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம், அது எபாக்சி மேல் பட்டால் மினுமினுப்பைத் தின்னும், அதைவிட மோசம் உரிந்த இடத்தின் ஓரம் வழியாக உள்ளே இறங்கி அடியில் இருக்கிற சிமெண்டை அரிக்கும், இன்றைக்கு உள்ளங்கை அளவில் இருப்பது சீக்கிரமே முறம் அளவுக்குப் போய்விடும்.

அந்த மங்கல் பெரும்பாலும் தண்ணீர் விவகாரம். நம் கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் போர் தண்ணீர் எப்படி என்று உங்களுக்குத் தெரியாததா, ஃப்ளோரைடுக்குப் பயந்தே பாதி வீட்டில் ஆர்ஓ மெஷின் மாட்டியிருக்கிறோம், அதிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று வாளியில் பிடித்து அதிலேயே தரை துடைக்கிறோம். நல்ல எண்ணம்தான். ஆனால் குடிக்கிற தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அந்த வாளியில்தான் இருக்கிறது, போர் தண்ணீரைவிட அது கெட்டியான உப்புத் தண்ணீர். துடைத்துவிட்டுத் தானாகக் காயட்டும் என்று விட்டால் தண்ணீர் போய்விடும், உப்பு தரையிலேயே படிந்துவிடும். அதோடு சோப்புத் தூளும் பினாயிலும் சேர்ந்தால் மேலே ஒரு பிசுக்குப் படலம், அதில் செம்மண் தூசி ஒட்டிக்கொள்ளும். அந்தக் கழிவுத் தண்ணீரைக் கழிப்பறைக்கு ஊற்றுங்கள், இந்தத் தரைக்கு மழைத் தண்ணீரோ ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரோ அரை வாளி போதும்.

படிந்ததை எடுக்க, கை பொறுக்கிற சூட்டில் தண்ணீர், அதில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு ஸ்பூன். மைக்ரோஃபைபர் மாப்பால் துடைத்து, வெறும் தண்ணீரால் இன்னொரு முறை துடைத்து, கடைசியில் உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்துவிடுங்கள். இந்தக் கடைசி வேலையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். இரண்டு மூன்று முறை செய்தும் மங்கல் போகவில்லை என்றால் அது அழுக்கு இல்லை, கீறல். மண் மணல் மேல் டயரும் செருப்பும் ஏறி இறங்குவதும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் ஒன்றுதான். கிரானைட் லாரிகள் ஓடுகிற சாலையோரம் வீடு என்றால் இன்னும் விசேஷம். பூந்துடைப்பத்தால் தினமும் பெருக்குங்கள், சீமாறு வாசலோடு நிற்கட்டும், ஷெட் வாசலில் கனமான தேங்காய்நார் மிதியடி ஒன்று போடுங்கள். ரப்பர் மேட் மட்டும் வேண்டாம், அதிலிருக்கும் எண்ணெய்ச் சத்து இறங்கித் தரையைப் பழுப்பாக்கிவிடும், அந்தக் கறை என்ன செய்தாலும் போகாது.

டயர் தடமும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஓசூரிலிருந்து நெடுஞ்சாலையில் ஓடிவந்த டயர் கொதிக்கக் கொதிக்க இருக்கும், அந்தச் சூட்டில் எபாக்சி கொஞ்சம் இளகும், டயர் ஆறும்போது சுருங்கித் தரையைப் பிடித்து இழுக்கும். மறுநாள் காலையில் வண்டியை எடுக்கும்போது ஒட்டுப் பலவீனமான இடமாக இருந்தால் கோட்டிங்கும் கூடவே வந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் கால் மணி நேரம் வெளியே நிறுத்திவிட்டு, டீ குடித்துவிட்டு அப்புறம் உள்ளே விடுங்கள். கறுப்புத் தடத்தில் டீகிரீசர் எனும் எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் திரவத்தைத் தெளித்து ஐந்து நிமிஷம் ஊறவிட்டு நைலான் பிரஷ்ஷால் தேய்த்தால் பெரும்பகுதி போகும். தின்னர், பெட்ரோல் தொட வேண்டாம். ஷெட்டில் வெயில் விழுகிற பாதி மட்டும் மஞ்சளாகத் தெரிந்தால் அதைத் தேய்த்துப் பயனில்லை, எபாக்சிக்கு வெயில் ஆகாது, அதுதான் சங்கதி.

இப்போது உரிந்த இடம். உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் இதில்தான் இருக்கிறது. உரிந்த சில்லு ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருக்கிறதா? அப்படியென்றால் கோட்டிங் தரையைப் பிடிக்கவே இல்லை, மெஷினால் தேய்த்துச் சொரசொரப்பாக்கும் கிரைண்டிங் போடாமல் வழவழப்பான தரை மேலேயே பூசிவிட்டுப் போயிருக்கிறார்கள். மெல்லிய சிமெண்ட் தூள் சாம்பல் பூசியதுபோல ஒட்டியிருக்கிறதா? கோட்டிங் நன்றாகத்தான் பிடித்திருக்கிறது, தரையின் மேல்தோல்தான் பலவீனம். நம் ஊர்க் கொத்தனார்கள் கடைசியில் சிமெண்ட் பால் விட்டுத் தேய்த்துக் கொடுப்பார்களே, அந்தத் தோல்தான் கழன்று வந்திருக்கிறது. சில்லு ஈரமாகவோ தரையில் வெள்ளையாக உப்புப் பூத்தோ இருந்தால் மண்ணிலிருந்து ஈரம் ஏறுகிறது. சந்தேகம் என்றால் உரிந்த இடத்து வெறும் சிமெண்ட் மேல் கெட்டியான பிளாஸ்டிக் தாளை விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். எடுக்கும்போது அடியில் நீர் முத்தாக நின்றாலோ சிமெண்ட் கறுத்திருந்தாலோ, ஈரத்துக்கு வழி பண்ணாமல் மேலே எதைப் பூசினாலும் கொப்புளம்தான். ஐப்பசி மழை நேரத்தில் ஒரு முறை செய்து பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

முதல் முதலில் நான் செய்த ஷெட் ஒன்று இப்படித்தான் ஆறே மாதத்தில் உரிந்தது, கிரைண்டிங் மெஷின் வாடகையை மிச்சம் பிடிக்க ஆசிட் கழுவலோடு நிறுத்திக்கொண்டேன், அப்புறம் கைக்காசு போட்டு மறுபடி செய்து கொடுத்தேன்.

உரிந்த இடத்தின் ஓரத்தில் கத்தி முனையை விட்டு நெம்பிப் பாருங்கள். கொஞ்ச தூரத்தில் உறுதியான இடம் வந்து நின்றுவிட்டால் ஒட்டுப் போட்டால் போதும். போகப் போக வந்துகொண்டே இருந்தால் மொத்தமும் கிரைண்ட் செய்து புதிதாகப் போடுவதுதான் வழி, நடுவில் வேறு வைத்தியம் இல்லை. மெழுகு பாலிஷ் பற்றிக் கேட்க நினைத்தீர்கள் என்றால், வழுக்கி விழுவீர்கள், வேண்டாம்.

ஷெட்டில் இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கிறதா? டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும்போது வழிகிற நீரில் அமிலம் கலந்திருக்கும், அடியில் பிளாஸ்டிக் டிரே வையுங்கள், சிந்தினால் ஆப்பச் சோடாவைத் தூவி, நுரைப்பது நின்றபின் கழுவுங்கள். பிரேக் ஆயில் சிந்தினால் காத்திருக்காமல் உடனே துடைக்க வேண்டும், இன்ஜின் ஆயிலுக்கு மரத்தூள் போதும். பைக்கின் சைடு ஸ்டாண்டுக்கும் ஜாக்கிக்கும் அடியில் ஒரு கிரானைட் துண்டு, அதற்கும் அடியில் பழைய சாக்கு. கிரானைட் துண்டு கிடைக்காத வீடு நம் மாவட்டத்தில் உண்டா! ஆயுத பூஜை அன்று எலுமிச்சம்பழம் நசுக்குவது, குங்குமம் தடவிய பூசணிக்காய் உடைப்பது, சூடம் ஏற்றுவது எல்லாம் ஷெட்டுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள், குங்குமச் சாயம் இறங்கினால் கிளம்பாது, சூடம் எரிந்த இடம் வட்டமாகக் கருகி நிற்கும்.

ஒட்டுப் போடுவதாக இருந்தால் தளர்ந்த ஓரமெல்லாம் வெட்டி எடுத்துவிட்டு, 80 நம்பர் உப்புத்தாளால் சிமெண்டையும் சுற்றிலும் நாலு விரல் அகலத்துக்குப் பழைய கோட்டிங்கையும் சொரசொரப்பாக்கி, தூசியை முழுதாக எடுத்துவிட்டுப் பூசுங்கள். ரெசின், ஹார்டனர் என்று எபாக்சி இரண்டு டப்பாவில் வரும், இரண்டையும் கண்ணளவில் கலக்காதீர்கள், டப்பாவில் போட்டிருக்கும் விகிதம்தான். சித்திரை வெயிலில் கலவை சீக்கிரம் இறுகிவிடும், விடிகாலையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து செய்யுங்கள். நிறம் பழையதோடு அப்படியே சேராது, ஒட்டு ஒட்டாகத்தான் தெரியும். பூசி 24 மணி நேரம் காலே வைக்க வேண்டாம், டயர் ஏற 7 நாள் ஆகட்டும், அதுவரை வண்டி தெருவில் நிற்கட்டும்.